ஒப்புமை மதிப்பெண்

மூன்றாவது முறையும் தோற்றவரை வெளியே அனுப்ப ஒரு கையெழுத்துப் போதும். அதைப் போட வேண்டியவர் ஜெசிந்தா. குறிச்சிமலை வனப் பொறியாளர் பயிற்சிக் கழகத்தில் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. படிவம் திங்கட்கிழமை காலை அவருடைய திரைக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்பமிட வேண்டும் என்று கீழே சிவப்பில் இருந்தது.

தோற்றவள் பெயர் தில்ஷாத், ஊர் மேல்விஷாரம். களத் தேர்வில் நாற்பது மரங்களின் சுற்றளவைப் பதிவு செய்ய வேண்டும். அவள் பதிவில் பதினாறுதான் சரி. நூற்றுக்கு நாற்பது மதிப்பெண். தேறத் தொண்ணூறு வேண்டும். முதல் தடவை நாற்பத்தைந்து வாங்கியிருந்தாள், இரண்டாம் தடவை நாற்பத்திரண்டரை. வர வர மோசம். வெளியேற்றப்பட்டவர் வேறு எந்த அரசு வனப் பயிற்சியிலும் பிறகு சேர முடியாது என்பது விதி.

ஜெசிந்தாவுக்கு இடித்த விஷயம் வேறு. நிரல் எழுதும் தாளில் இதே தில்ஷாத் நாற்பத்தெட்டுப் பேரில் முதலிடம். ட்ரோன் படங்களில் நிழலையும் இலையையும் பிரித்துக் காட்ட அவள் தேர்வுக்காக எழுதிக் கொடுத்த நிரலை இப்போது ஆசிரியர்களே பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு மரத்தைச் சுற்றி நாடா பிடிக்கத் தெரியவில்லையா?

அந்தக் கழகத்தில் சேருகிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளும் சொல் நிழற்காடு. குறிச்சிமலைக் கோட்டத்தில் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் உண்டு. எண் பொறித்த அலுமினியத் தகடு மரத்தில் அடிக்கப்பட்டிருக்கும், தகட்டுக்குள் ஒரு சில்லு இருக்கும். கணினிக்குள் அதே எண்ணில் அதே மரம் நிற்கும். பெய்த மழைக்கும் அடித்த வெயிலுக்கும் ஏற்ப அதுவும் ஆண்டுதோறும் தடிக்கும். எந்த மரத்தை எப்போது வெட்டுவது, எந்தச் சரிவில் சாலை போடுவது, தீத்தடுப்புக் கோட்டை எங்கே இழுப்பது என்று எல்லாவற்றையும் இந்த நிழற்காட்டைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். முன்பு கோட்டத்தில் நூற்றுப் பத்து வாட்சர்கள் இருந்தார்கள். இப்போது பதினொரு பேர்.

ட்ரோன் மேலிருந்து மரத்தின் உச்சியைப் பார்க்கும், தகட்டில் உள்ள சில்லைப் படிக்கும். இலைகளுக்குக் கீழே அடிமரம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் மனிதக் கை வேண்டும். அதற்குப் பயிற்சி மாணவர்களை அனுப்புகிறார்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, மாணவர்கள் மலையேறாமல் அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்தே அளவுகளை எழுதி வருகிறார்கள் என்று புகார் வந்தது. அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஜெசிந்தா அதைப் பிடிக்க ஒரு வழி சொன்னார். மாணவர் தரும் அளவை நிழற்காட்டின் அளவோடு கணினி ஒப்பிடட்டும். வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் சரி, தாண்டினால் தவறு. ஒப்புமை மதிப்பெண் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டே டீக்கடைக் கோஷ்டி முழுவதும் மாட்டியது. அடுத்த ஆண்டிலிருந்து மதிப்பெண் ஏறத் தொடங்கியது. கடைசி ஐந்து ஆண்டுகளாக வகுப்புச் சராசரி தொண்ணூற்றேழு. வேறு மாநிலங்களிலிருந்து வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

தில்ஷாத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காரு."

"பரவால்ல மேடம்."

"எப்படி அளந்தே, சொல்லு."

"சரிவுல மேல்பக்கமா நின்னு, தரையிலேர்ந்து ஒண்ணு முப்பத்தேழு மீட்டர்ல சாக்பீஸ்ல குறி போட்டு, நாடாவைச் சுத்தி. ஒவ்வொண்ணும் ரெண்டு தடவ."

"எல்லா மரத்தையுமா?"

"நாப்பதையும். அதே மரங்கள மூணு தேர்வுக்கும். இருநூத்து நாப்பது தடவ சுத்தியிருக்கேன் மேடம். அட்டைப்பூச்சிக் கடி தனி."

ஜெசிந்தா திரையை அவள் பக்கம் திருப்பினார். "நூற்றெண்பத்தேழாம் தேக்கு. நூற்று அறுபத்தெட்டு இருக்கணும். நீ நூற்று முப்பத்தொண்ணு போட்டிருக்கே."

"இருக்கணும்னு யார் சொன்னது மேடம்?"

"நிழற்காடு."

"நான் மரத்தைத்தானே அளக்கப் போனேன்."

குரலில் திமிர் இல்லை. கடையில் மீதிச் சில்லறையைத் திருப்பிக் கேட்பவரின் குரல்தான்.

"சரி. டேப்லெட்டுல பதிவு பண்றப்ப கட்டத்துக்கு மேல சாம்பல் நிறத்துல எதிர்பார்ப்பு அளவுன்னு ஒண்ணு வருமே. அதைப் பார்த்தாவது சந்தேகம் வரலையா?"

"அதை அணைச்சு வச்சிருக்கேன்."

"அதை அணைக்க முடியுமா என்ன?"

"அமைப்புகள்ல நாலாவது பக்கம் மேடம். நீங்க எழுதினதுதான். நிரல்ல உங்க பேர் இருக்கு."

ஜெசிந்தாவுக்கு மெல்ல நினைவு வந்தது. 131 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 311 என்று அடித்துவிடுகிறார்களே, அதைத் தவிர்க்கத்தான் அந்தச் சாம்பல் எண்ணைச் சேர்த்தார். வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு வசதியும் வைத்தார். ஒன்பது ஆண்டுகளில் அந்த நாலாவது பக்கத்துக்குப் போனவள் இவள் ஒருத்திதான் போலிருக்கிறது.

"ஏன் அணைச்சே?"

"விடையை மேல அச்சடிச்சு வச்சுட்டுக் கீழ கேள்வி கேட்டா அது பரீட்சையா மேடம்? எங்க அத்தா தோல் மண்டியில அளவுக்காரர். ஆட்டுத்தோல் எத்தனை அடின்னு வியாபாரி முந்திக்கிட்டுச் சொல்லிட்டா, அன்னிக்கு அந்தத் தோலைத் தொட மாட்டார். காதுல விழுந்தது கைக்கு வந்துடும்பார்."

"மத்தவங்கல்லாம் எப்படி அளக்கறாங்க?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க. நான் ஹாஸ்டல்ல இல்ல. சாச்சி வீட்லேர்ந்து வர்றேன்."

"ஹாஸ்டலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மேடம், அனுப்பறதா இருந்தா அனுப்புங்க. ஆனா நான் அளந்த நாப்பதையும் ஒரு தடவ நீங்க அளந்து பாத்துட்டு அனுப்புங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

புதன்கிழமை இருவரும் எட்டாம் கூப்புக்குப் போனார்கள். கோட்டத்தை அவர்கள் கூப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். எட்டாவது, தேக்கும் வேங்கையும் நிற்கும் ஒரு தெற்குச் சரிவு. ஜெசிந்தா கடைசியாக மலையேறி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எட்டாம் கூப்பின் ஒவ்வொரு மரமும் அவருக்கு எண்ணாகத் தெரியும், பாதைதான் தெரியவில்லை. ஜீப் நின்ற இடத்தில் வாட்சர் பண்ணாரி காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டைப் பையில் ஆணிகள் குலுங்கின.

"வாங்க மேடம்."

"என்னைத் தெரியுமா பண்ணாரி?"

"கையெழுத்து நல்லாத் தெரியுமுங்க. மெமோவுல பாத்திருக்கேன்."

தில்ஷாத் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நூற்றெண்பத்தேழாம் தேக்கை ஜெசிந்தாவே அளந்தார். நூற்று முப்பத்தொன்று. நாடாவை எடுத்து உதறி மறுபடி சுற்றினார். நூற்று முப்பத்தொன்று. மூன்றாம் முறை பண்ணாரியைச் சுற்றச் சொன்னார்.

"எத்தனை வரோணுமுங்க?" என்று பண்ணாரி கேட்டார்.

"எத்தனை வருதோ அது."

"அதானே நூத்தி முப்பத்தொண்ணு."

மரத்தின் மேல்பாதி காய்ந்திருந்தது. பட்டையில் ஊசித் துளைகள், அடியில் மாவு போல உதிர்ந்த தூள். ஏதோ பூச்சி ஒன்பது பத்து ஆண்டுகளாகத் தின்றுகொண்டிருக்கிறது. நிழற்காட்டில் அந்தப் பூச்சி இல்லை. அங்கே இந்த மரம் ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர் தவறாமல் தடித்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு மரமாக மேலே ஏறினார்கள். சில சரியாக இருந்தன. பல இல்லை. நூற்றுத் தொண்ணூற்று மூன்று கூப்பிலேயே பெரிய மரம். நிழற்காட்டின்படி இருநூற்று நான்கு சென்டிமீட்டர் சுற்றளவு. தில்ஷாத் அதற்கு நூற்றுப் பன்னிரண்டு என்று போட்டிருந்தாள். பக்கத்தில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு. அதற்கும் நூற்றுப் பன்னிரண்டு. குறிப்பு எழுதும் கட்டத்தில் 'இரண்டு எண்ணும் ஒரே மரம்' என்று சேர்த்திருந்தாள். அந்தக் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது, ஆகவே அதை யாரும் படித்ததும் கிடையாது.

ஜெசிந்தா அந்த மரத்தைச் சுற்றி வந்தார். கிழக்கே பார்த்து 193, மேற்கே பார்த்து 194. ஒரு தகட்டைப் பட்டை பாதி விழுங்கியிருந்தது. மற்றதன் ஆணித்தலை பளபளத்தது.

"இது யார் அடிச்சது?"

"நான்தானுங்க."

"நூற்றுத் தொண்ணூற்று மூணாம் மரம் எங்கே?"

"அது விழுந்து நாலு வருசமாச்சுங்க. அதா, கறையான் புத்து தெரியுதுங்களே, அதுதான்."

"விழுந்துடுச்சுன்னு எழுத வேண்டியதுதானே?"

"எழுதினேனுங்க, மொதல்ல விழுந்த மரத்துக்கு. தகடு கீழ கெடந்தா ட்ரோன் 'மரம் காணோம்'னு சொல்லுதுங்க. காணோம்னா திருட்டு. திருட்டுன்னா வாட்சரு பதில் சொல்லோணும். விழுந்த மரத்தைப் படம் புடிச்சுப் போட்டா, இது அந்த மரம்தான்னு என்ன சாட்சின்னு கேக்குது. தகடுதான் சாட்சின்னேன். தகடு மரத்துல இருக்கோணுமேங்குது. ஆறு மாசம் அலைஞ்சேனுங்க. அதுக்கப்புறம் விழுகற மரத்துத் தகடெல்லாம் பக்கத்து மரத்துலதானுங்க."

ஜெசிந்தா டேப்லெட்டில் நூற்றுத் தொண்ணூற்று மூன்றின் பழைய பதிவுகளைத் திறந்தார். இந்த நாற்பது மரங்களை இந்த ஆண்டு பன்னிரண்டு மாணவர்கள் அளந்திருந்தார்கள். 203, 205, 204, 203, 205. போன ஆண்டு மாணவர்கள் 199, 200, 201. இல்லாத மரம் ஆண்டுக்கு ஆண்டு ஒழுங்காகத் தடித்திருந்தது.

"டீக்கடையில உட்கார்ந்து எழுதறாங்களா?"

"சேச்சே, இல்லீங்க. பசங்க மலையேறத்தான் செய்யறாங்க. தகட்டுப் பக்கத்துல வந்தாத்தானே இந்த டேப்லெட்டுப் பொட்டி தொறக்கும்? வருவாங்க, மரத்தடியில உக்காருவாங்க, பொட்டியப் பாப்பாங்க, ஒண்ணு கூட்டி ஒண்ணு கொறச்சு எழுதுவாங்க. நாடா பைக்குள்ளயே இருக்கும். ஹாஸ்டல்ல சீனியருங்க சொல்லிக் குடுத்திருக்காங்களாம், அச்சு அசலாப் போடாதே, சந்தேகம் வரும்னு."

தில்ஷாத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெசிந்தாவும் தரையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு இன்னொன்று பட்டது. சரிவு முழுக்கச் சருகும் புல்லும் இருந்தன, பெரிய மரங்கள் இருந்தன, நடுவில் ஒன்றும் இல்லை. இடுப்பளவு, தோளளவு, ஆளுயரம் என்று ஒரு கன்றுகூட இல்லை. பிள்ளைகள் இல்லாத ஊர் போலிருந்தது.

"இங்கே கன்னு முளைக்கறதே இல்லையா?"

"மொளைக்காம என்னங்க? அரை மீட்டருக்கு மேல வந்து நம்பர் இல்லீன்னா ட்ரோன் செவப்புப் புள்ளி போடுது. 'நீக்கு'ன்னு வருது. நீக்கிடறேன்."

"அது உண்ணிச்செடி பரவுறதைத் தடுக்கப் போட்ட விதி பண்ணாரி."

"உண்ணியா தேக்கான்னு புள்ளியில எழுதியிருக்காதுங்களே."

"உங்களுக்குக் கண்ணால பார்த்தாத் தெரியாதா?"

"தெரியுமுங்க." பண்ணாரி நிதானமாகச் சொன்னார். "வெட்டலீன்னா ஏன் வெட்டலைன்னு கேக்குது. வெட்டிட்டா ஒண்ணும் கேக்கறதில்லீங்க."

நாற்பது மரங்களையும் அளந்து முடிக்க மாலை நான்காயிற்று.

முதல்வர் கோதண்டபாணி கெட்டவர் அல்ல. இளம் வயதில் தீ அணைக்கப் போய் இடது காதில் பாதியை இழந்தவர். வியாழக்கிழமை ஜெசிந்தா சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

கோதண்டபாணி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எல்லா ரேஞ்சருக்கும் தெரியும் மேடம். ஒவ்வொருத்தன் பையிலயும் நிஜ அளவு எழுதின ஒரு நோட்டு இருக்கு. நிஜமா மரம் வெட்டப் போறப்ப அதைத்தான் பார்ப்பான்."

"அப்ப நிழற்காடு எதுக்கு சார்?"

"மேலே அனுப்ப."

அவரே கணக்கையும் சொன்னார். "உங்க முறையில இதுவரைக்கும் எட்டு பேட்ச், நானூத்து முப்பத்தொரு பேர் தேறிப் போயிருக்காங்க. கோட்டம் கோட்டமா வேலை பார்க்கறாங்க. இந்தப் பொண்ணு சரின்னா அவங்க அத்தனை பேரும் தப்பு. எதைத் திருத்தறது சுலபம், நீங்களே சொல்லுங்க."

"அவ தப்பே பண்ணலையே சார்."

"பண்ணினான்னு நான் சொன்னேனா? அவளை அனுப்ப வேண்டாம். அவ நாடா நீண்டு போச்சு. பழைய நாடா நீளும், அளவு குறைச்சலாக் காட்டும், நடக்கறதுதான். கருவிக் கோளாறுன்னு அவ ஒரு வரி எழுதித் தரட்டும். மூணு தேர்வையும் அழிச்சுடலாம். புது நாடா, புதுத் தேர்வு. இந்த வாட்டி அந்தச் சாம்பல் எண்ணைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க." பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "அவளுக்கும் நல்லது. உங்களுக்கும் நல்லது."

கடிதத்தை ஜெசிந்தாவே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை மதியம், நூலக வராந்தாவில் தில்ஷாத் அதை இரண்டு முறை படித்தாள்.

"நாடா நல்லாத்தானே மேடம் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"கையெழுத்துப் போட்டா நான் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"சரி. பேனா இருக்கா?"

ஜெசிந்தா இதை எதிர்பார்க்கவில்லை. அழுவாள், வாதாடுவாள், கிழித்துப் போடுவாள் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தார். பேனாவைக் கொடுத்தார்.

"அப்படிப் பார்க்காதீங்க மேடம். எனக்கு இந்தப் படிப்பு வேணும். மண்டியில அத்தாவோட உக்காந்து தோல் எண்ண எனக்கு இஷ்டமில்ல." பேனா மூடியைத் திறந்தவள் நிறுத்தினாள். "ஒண்ணே ஒண்ணு. இதுல கையெழுத்துப் போட்டா நான் அளந்த அளவெல்லாம் அழிஞ்சுடுமா?"

"அழிஞ்சுடும்."

"அப்ப எட்டாம் கூப்புல நிஜமா அளந்தது ஒண்ணுகூட இருக்காது." கணக்குப் போட்டுப் பார்ப்பவள் மாதிரி அதைச் சொல்லிவிட்டுக் காகிதத்தை முழங்கால் மேல் வைத்துச் சமன்படுத்தினாள்.

ஜெசிந்தா குனிந்து காகிதத்தை எடுத்துக்கொண்டார். "பேனாவை நீயே வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

ஒப்புமை விதிகளில் பதினொன்றாவதாக ஒன்று இருந்தது. தகராறு வந்தால் பயிற்றுநர் தாமே போய் அளக்கலாம், அந்த அளவை நிழற்காடு ஏற்றுக்கொள்ள வேண்டும். அதையும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு அவரேதான் எழுதினார். இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. நாலே முக்காலுக்குத் தன் பெயரில் உள்ளே நுழைந்து, புதன்கிழமை அளந்த நாற்பது எண்களையும் ஒவ்வொன்றாக அடித்தார். நூற்றுத் தொண்ணூற்று மூன்றுக்கு நேரே நூற்றுப் பன்னிரண்டு என்று அடித்து, 'தகடு வேறு மரத்தில்' என்று குறித்தார். உறுதிதானா என்று கணினி மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் ஆம் என்றார்.

நான்கு நிமிடத்தில் தில்ஷாத்தின் மதிப்பெண் மாறியது. நாற்பதில் முப்பத்தொன்பது சரி. வித்தியாசம் வந்த ஒரு மரத்தை ஜெசிந்தா யோசித்துப் பார்த்தார். கால் வழுக்குகிறதென்று கீழ்ப்பக்கம் நின்று அவர் அளந்த மரம் அது. அங்கே தில்ஷாத்தான் சரி.

வெளியேற்றும் படிவம் திரையிலிருந்து தானாக மறைந்தது. ஆனால் அதே நாற்பது மரங்களை அளந்த மற்றப் பதினொரு பேரின் மதிப்பெண்ணும் தானாகவே மாறியது. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று இருந்தவர்கள் எல்லாம் நாற்பதுக்குக் கீழே இறங்கினார்கள். ஐந்தரை மணிக்கு அவர்கள் அறை வாசலில் நின்றார்கள். முன்னால் நின்றவன் லோகேந்திரன், வகுப்புப் பிரதிநிதி.

"மேடம், நாங்க யாரும் ஏமாத்தலை."

"நூற்றுத் தொண்ணூற்று மூணாம் மரத்தை நீ பார்த்தியா லோகேந்திரன்?"

"பார்த்தேன். மரம் இல்ல."

"இருநூற்று மூணுன்னு போட்டிருக்கே."

"நீங்க ஒப்புமை கேட்டீங்க மேடம். கொடுத்தோம். மரம் இல்லன்னு எழுதினா எனக்கு மார்க் போகும். இருக்குன்னு எழுதினா யாருக்கு என்ன போகும்?" அவன் உண்மையாகவே பதில் எதிர்பார்த்து நின்றான். பின்னாலிருந்து ஒருத்தி, "தில்ஷாத் மட்டும் பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா?" என்றாள். யாரோ அவளை அடக்கினார்கள்.

அன்று ஜெசிந்தா அவர்களுக்குச் சரியான பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அவர் திங்கட்கிழமை ஆறு பக்கங்களில் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினார். கிடைத்தது என்று ஒரு வரி வந்தது.

கோதண்டபாணி ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். பதினொரு பேருக்கும் தேர்வு நாளில் நடைமுறையில் இருந்த அளவுகள் பொருந்தும். தில்ஷாத்துக்குத் திருத்திய அளவுகள் பொருந்தும். இரண்டுமே விதிப்படி சரி. நாற்பத்தெட்டுப் பேரும் தேறினார்கள். நாற்பது மரங்களைத் தவிர நிழற்காடு முன்பு போலவே இருந்தது. இருபது நாள் கழித்துச் சுற்றறிக்கை ஒன்று வந்தது: பதினொன்றாம் விதி நீக்கப்படுகிறது. அதன் இரண்டாம் பத்தியில் ஜெசிந்தாவின் பெயர் இருந்தது. அவர் அளந்தவற்றின் ஒப்புமை மதிப்பெண் நூற்றுக்கு நாற்பதாகப் பதிவாகியிருப்பதால், தகவல் தொழில்நுட்பத் திறனுக்கான ஆறு நாள் புத்தாக்கப் பயிற்சியில் அவர் கலந்துகொள்ள வேண்டும். பாடத்திட்டம் இணைக்கப்பட்டிருந்தது. அவர் தயாரித்த பாடத்திட்டம்தான். முன்வரிசையில் உட்கார்ந்து ஆறு நாளும் கேட்டார். பரவாயில்லாமல் எழுதப்பட்டிருந்தது என்று நினைத்தார்.

பணியிடப் பட்டியல் ஜூனில் வந்தது. தில்ஷாத்துக்குத்தான் வகுப்பிலேயே ஆகக் கூடிய மொத்த மதிப்பெண். முதலிடம் பெறுகிறவர்களைக் காட்டுக்கு அனுப்புவதில்லை. சென்னையில் தலைமையகத்தின் தரவு மையம், நான்காவது மாடி, குளிரூட்டப்பட்ட அறை. லோகேந்திரன் ரேஞ்சராக எட்டாம் கூப்பை உள்ளடக்கிய சரகத்துக்குப் போனான்.

தில்ஷாத் விடைபெற வந்தபோது ஜெசிந்தா வருத்தம் தெரிவிக்கப் பார்த்தார். "உன்னை மலைக்கு அனுப்பியிருக்கணும்."

"எனக்கு மரத்து மேல பெரிய ஆசையெல்லாம் கிடையாது மேடம். அட்டைப்பூச்சி மேல சுத்தமா இல்ல. போட்ட அளவு சரியா இருக்கணும், அவ்வளவுதான்."

"அங்கே அளக்கறதுக்கே ஒண்ணும் இருக்காதே."

"போய்ப் பார்க்கறேன்," என்றாள்.

ஆகஸ்டில் ஒரு முற்பகல், வகுப்புக்குப் போகும் வழியில் ஜெசிந்தாவின் கைபேசி அடித்தது. பண்ணாரி. மலையில் சிக்னல் கிடைக்கும் ஒரே பாறை மேல் ஏறி நின்று பேசுகிறார் என்று காற்றின் சத்தத்திலேயே தெரிந்தது.

"மேடம், எட்டாம் கூப்புல செவப்புப் புள்ளி விழுந்திருக்குதுங்க. ஒம்பது."

"உண்ணியா?"

"ரெண்டு உண்ணிங்க. மீதி ஏழும் வேங்கைக் கன்னு."

"'நீக்கு'ன்னு வந்துடுச்சா?"

"அதுக்குத்தானுங்க கூப்பிட்டேன். உண்ணி ரெண்டுக்கும் 'நீக்கு'. வேங்கை ஏழுக்கும் 'விட்டு வை'ன்னு வந்திருக்குது. பதிமூணு வருச சர்வீசுல இப்படி ஒண்ணு நான் பாத்ததில்லீங்க. தப்பா வந்துடுச்சோன்னு ரேஞ்சரய்யா கிட்டக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாருங்க. அப்புறம், வந்தபடி செய்யுங்கன்னுட்டாரு."

ஜெசிந்தா நடையை நிறுத்தினார். நான்காவது மாடியிலிருந்து யாரோ நிழலையும் இலையையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். யார் என்று அவர் கேட்கவில்லை.

"விட்டு வைங்க பண்ணாரி."

"விட்டுட்டேனுங்க. ஆனா வேலைய மூடோணுமில்லீங்க? என்ன பண்ணுனேன்னு பொட்டி கேக்குது. நான் ஒண்ணும் பண்ணலீங்க. ஒண்ணும் பண்ணாததுக்கு எதை அமுக்கறது?"

ஜெசிந்தா வராந்தாக் கட்டைச் சுவரில் டேப்லெட்டை வைத்துப் படிவத்தைத் திறந்தார். எடுத்த நடவடிக்கை என்ற தலைப்பின் கீழ் ஒன்பது தேர்வுகள் இருந்தன. வெட்டப்பட்டது. வேரோடு பிடுங்கப்பட்டது. எரிக்கப்பட்டது. மருந்து தெளிக்கப்பட்டது. அவரே யோசித்து யோசித்து வரிசைப்படுத்தியவை. கடைசிவரை படித்துவிட்டு, மறுபடி மேலிருந்து படித்தார்.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அவசரமில்லீங்க," என்றார் பண்ணாரி, அவரைத் தேற்றுவது போல. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மெமோ வராது."